72 பக்க ஃபைலில் எனக்கு உதவியது ஒரே ஒரு பக்கம்: ஸ்ட்ராட்டஜிக் பிளானிங் சேவை வாங்கிய அனுபவம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிற எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கட்டணம் 1,80,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 32,400, ஆக 2,12,400. 2025 பொங்கல் கழிந்து ஆரம்பித்து ஏப்ரல் நடுவில் முடித்தார்கள். ஆறு கூட்டம், மூன்று நாள் கம்பெனியிலேயே உட்கார்ந்து பார்த்தது, கடைசியில் ஸ்பைரல் போட்ட 72 பக்க ஃபைல். இதுதான் ஸ்ட்ராட்டஜிக் பிளானிங், அதாவது தொழிலுக்கு உத்தி வகுத்துத் தருகிற சேவை. செய்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, சொன்ன தேதிக்குச் சொன்னதைக் கொடுத்தார்கள், நான் சொல்ல வரும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. என்னைப் போல சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள் இந்த மாதிரி சேவைக்குப் பணம் கட்டும் முன் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருப்பூரில் 34 மெஷின் ஓடுகிற பனியன் கம்பெனி எங்களுடையது. அப்பா 1994-ல் எட்டு மெஷினோடு தொடங்கினார், 2019-ல் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். வருட விற்றுவரவு நாலு கோடிக்குப் பக்கம். ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்கு டீ-ஷர்ட் ஜாப் வொர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பது), இங்கே காதர்பேட்டை ஜவுளிச் சந்தை வியாபாரிகளுக்கு லெக்கின்ஸ், நைட் பேன்ட், பையன்களுக்கு டிரவுசர், அப்புறம் கொஞ்சம் ஜப்லா, கைக்குழந்தைக்குப் போடுகிற சட்டை. யார் எதைக் கேட்டாலும் தைத்துக் கொடுப்போம், அதுதான் எங்கள் பெருமை. வேலை எப்போதும் நிறைந்துதான் இருக்கும். ஆனால் சனிக்கிழமை சம்பளம் போட உட்கார்ந்தால் பாதி வாரங்களில் பேங்க் ஓவர்டிராஃப்ட் கணக்கில் கடனாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இத்தனை வேலை செய்தும் பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த சேவையை வாங்கினேன்.

முதல் நாலு கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. விஷன், மிஷன், நம் பலம் என்ன, பலவீனம் என்ன, வாய்ப்பு, ஆபத்து என்று நாலு கட்டம் போட்ட ஒரு தாள். அதில் "பலம்" கட்டத்தில் தரம், அனுபவம், நம்பிக்கை என்று எழுதினோம். எங்கள் தெருவில் உள்ள எந்தக் கம்பெனியிடம் கேட்டாலும் இதே மூன்றைத்தான் எழுதுவார்கள். அப்புறம், ஐந்து வருடத்தில் எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் இருபது கோடி என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு, நாலு கோடி இருபது கோடி ஆக வேண்டுமானால் வருடத்துக்கு 38 சதவீதம் வளர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த 38-ஐ எங்கிருந்து கொண்டுவருவது என்று அட்டவணை தயாரித்தார்கள். டீ-ஷர்ட் ஜாப் வொர்க்கில் அமெரிக்க ஆர்டர் வருடம் 20 சதவீதம் கூடும், லெக்கின்ஸுக்குச் சொந்த பிராண்டு, ஆன்லைன் விற்பனை, நேரடி ஏற்றுமதி, பிரின்டிங் யூனிட், இரண்டாவது ஷிப்ட், இப்படி மொத்தம் பதினாலு "முன்னுரிமைகள்". ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், மாதம், தொகை எல்லாம் போட்டிருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, நானே இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரிந்தேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் அப்பா காலத்து ஆள். ஃபைலை அவரிடம் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிள் மேலேயே விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தமிழில் போட்டிருந்த பக்கங்களை முழுதாகப் படித்தார், மற்றதை என்னிடம் கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னது இதுதான்: "ஏனுங்க அம்மணி, இத்தனை பக்கத்துல எதை நிறுத்தப் போறோம்னு ஒரு வரி கூட இல்லீங்களே. இருக்கிற 34 மெஷின்ல இத்தனையும் எப்படிங்க ஏறும்?"

இந்த ஒரு கேள்விக்கு அந்த ஃபைலில் பதில் இல்லை. பதினாலு விஷயத்துக்கு முன்னுரிமை என்றால் எதற்குமே முன்னுரிமை இல்லை என்றுதானே ஆகிறது. யாருக்காகத் தைக்கப் போகிறோம், எதைத் தைக்கப் போகிறோம், அவர்கள் பக்கத்து கம்பெனிக்குப் போகாமல் நம்மிடமே வர என்ன காரணம், அதற்காக எதையெல்லாம் விடப் போகிறோம், இந்த முடிவுதான் உத்தி. யார், எப்போது, எவ்வளவு செலவில் என்பது திட்டம். முதலாவதை முடிவு செய்யாமலே இரண்டாவதை மட்டும் எழுதி, அதற்கு "ஸ்ட்ராட்டஜிக்" என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். என் முதல் குறை இதுதான், பெரிய குறையும் இதுதான்.

சரி, அப்படியானால் பணம் வீணா என்றால், இல்லை. 58-ஆம் பக்கத்தில் பிற்சேர்க்கை என்று போட்டு ஒரு அட்டவணை இருந்தது. அதைத் தயாரித்தது அவர்கள் குழுவில் இருந்த ஒரு இளம் பெண். மற்றவர்கள் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மூன்று நாள் எங்கள் செக்கிங் டேபிள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருட பில், சனிக்கிழமை சம்பள நோட்டு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சீட்டு, ஆல்டர் பீஸ் (திருத்தித் தைக்க வேண்டியது) எழுதி வைக்கிற நோட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, பார்ட்டி வாரியாக, அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகப் பிரித்தாள். பார்ட்டி வாரியாக வரவு எங்களிடம் இருந்தது, செலவு பிரித்ததே கிடையாது. அதுவரை எல்லாச் செலவும் ஒரே பையில்தான்.

அந்த அட்டவணையில் டீ-ஷர்ட் ஜாப் வொர்க் வரியை மட்டும் இங்கே சொல்கிறேன். எங்கள் வேலையில் 41 சதவீதம் அந்த ஒரு பார்ட்டிதான், பெரிய பார்ட்டி, அப்பா காலத்துத் தொடர்பு. பீஸுக்கு 22 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கரன்ட், வாடகை எல்லாம் போக 2 ரூபாய் 50 பைசா நிற்கிறது என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் கணக்கைத் தொடர்ந்தாள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ராத்திரி ஓட்டுகிற ஓ.டி. பீஸுக்கு 90 பைசா. ஆல்டரும் ரிஜெக்டும் 60 பைசா. ஸ்டைல் மாறும்போது மெஷின் செட்டிங் மாற்றி, நூல் மாற்றி, முதல் பீஸ் ஓகே ஆகிற வரைக்கும் லைன் சும்மா நிற்கிற நேரம் 45 பைசா. பணம் சராசரியாக 95 நாள் கழித்து வருகிறது, நாங்களோ சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போடுகிறோம், அந்த இடைவெளிக்கு ஓவர்டிராஃப்ட் வட்டி 11 சதவீதத்தில் 63 பைசா. கூட்டிப் பாருங்கள், 2 ரூபாய் 58 பைசா. நாங்கள் லாபம் என்று நினைத்த 2.50-ஐயும் தாண்டி பீஸுக்கு 8 பைசா கைக்காசு போட்டுத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். (சின்னக் கம்பெனிகளுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பில் போடுகிற தேதியையே தள்ளிப் போடச் சொல்லிவிடுவார்கள், திருப்பூரில் தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும்.)

அதே அட்டவணையில் கீழே ஜப்லா. மொத்த வேலையில் 17 சதவீதம்தான். இதே எல்லாச் செலவும் கழித்த பிறகும் பீஸுக்கு 4 ரூபாய் 10 பைசா நிற்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயேதான் இருந்திருக்கிறது. ஸ்டைல் வருடம் முழுக்க மாறுவதில்லை. வெள்ளையும் நாலைந்து இளம் நிறமும்தான், நூல் மாற்றவே வேண்டியதில்லை. வெட்டுகிற துண்டுகள் குட்டி என்பதால் துணி வீணாவது குறைவு. தீபாவளி, பொங்கல் என்று சீசன் கிடையாது, குழந்தை எல்லா மாதத்திலும் பிறக்கிறது. கடைக்காரர்களும் முப்பது நாளில் பணம் தந்துவிடுகிறார்கள், ஏனென்றால் சரக்கு அங்கே தங்குவதில்லை.

இதை உத்தியாக மாற்றி எழுதியிருக்க வேண்டியது அவர்கள் வேலை. ஃபைலின் முன்பகுதி எழுதியவருக்கும் பின்பகுதி எழுதிய அந்தப் பெண்ணுக்கும் நடுவில் பேச்சே நடக்கவில்லை போலிருக்கிறது. 58-ஆம் பக்கம் நஷ்டம் என்று காட்டுகிற அதே ஜாப் வொர்க்கை 41-ஆம் பக்கம் வருடம் 20 சதவீதம் வளர்க்கச் சொல்கிறது! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உத்தி முன்னால் போய், திட்டம் அதன் பின்னால் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். முடிவு ஒன்றுதான்: கண்புரையால் பார்வை போன யாரும் பணம் இல்லை என்பதற்காகத் திரும்பிப் போகக் கூடாது. மற்றதெல்லாம் அதில் இருந்து பிறந்தது. டாக்டரின் நேரம்தான் கிடைக்காத பொருள், அதனால் டாக்டர் ஆபரேஷன் மட்டும் செய்வார், மற்ற வேலைகளைச் செய்யக் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிளில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டர் இந்தப் பக்கம் முடித்ததும் அந்தப் பக்கம் திரும்புவார். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் நூறு டாலர் அளவுக்கு விற்றது, அது கட்டுப்படியாகாது என்று 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்து, பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள். பணம் கட்டுகிறவர்களின் கட்டணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. இதில் ஏதாவது ஒன்றை உருவிப் பாருங்கள், மற்றதெல்லாம் தள்ளாடும். முகாம் இல்லாவிட்டால் எண்ணிக்கை வராது, எண்ணிக்கை இல்லாவிட்டால் லென்ஸ் மலிவாகாது, லென்ஸ் மலிவாகாவிட்டால் இலவச சிகிச்சை தாக்குப்பிடிக்காது. "இன்னொரு ஆபரேஷன் டேபிள் வாங்கு" என்று எந்தத் திட்டத்திலும் எழுதலாம். அரவிந்தில் அந்த டேபிளுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, என் ஃபைலில் இருந்த பிரின்டிங் யூனிட்டுக்கு அந்த அர்த்தம் இல்லை.

சிக் ஷாம்புவும் அப்படித்தான். 1983-ல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலீட்டில் ஆரம்பித்த தொழில். பெரிய கம்பெனிகள் பாட்டிலை வைத்துக்கொண்டு நகரத்தில் நின்றபோது அவர் சாஷேயைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கும் சிறு ஊர்களுக்கும் போனார். காலி சாஷே ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று கொடுத்தார். முதலில் எந்தக் கம்பெனி சாஷேயும் சரி என்று சொல்லி, அப்புறம் சிக் சாஷே மட்டும்தான் என்று மாற்றினார். ஷாம்பு பழக்கத்தைத் தன் சரக்கின் மேல் திருப்புவதற்கான நகர்வு அது. 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு பதினாலு முன்னுரிமை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

எங்கள் அப்பாவுக்கு இந்த வார்த்தைகள் எதுவும் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் சாயப்பட்டறையில் பணம் போட்டார்கள், அவரையும் பங்குக்குக் கூப்பிட்டார்கள். "நமக்குத் தைக்கத் தெரியும், தண்ணி விவகாரம் தெரியாது" என்று சொல்லிவிட்டார். நொய்யலில் சாயக் கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. எங்களுக்கும் கஷ்டம்தான், துணி வெளியூர் போய்ச் சாயம் ஏறி வரும்வரை மெஷின் சும்மா நின்றது. ஆனால் கடன் கழுத்தை நெரிக்கவில்லை, கம்பெனி பிழைத்தது. அவர் விட்டது ஒன்றுதான், அது எங்களைக் காப்பாற்றியது. அவருடைய மகளாக இருந்துகொண்டு நான் எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த 58-ஆம் பக்கத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மே மாதம் நானும் கட்டிங் மாஸ்டரும் கணக்குப் பார்க்கிற தம்பியும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினோம். பிறந்த குழந்தை முதல் இரண்டு வயது வரைக்கும் மட்டும். டீ-ஷர்ட், லெக்கின்ஸ், நைட் பேன்ட் எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தம். எங்களிடமே வர வேண்டிய காரணம், தையல். ஜப்லா வாங்க வருகிற பாட்டிகளைக் கடையில் நின்று கவனித்திருக்கிறேன், முதலில் அதை உள்புறமாகத் திருப்பி, தையல் மேல் கட்டை விரலை ஓட்டிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் விலை கேட்பார்கள். அதனால் தையல் முழுக்க வெளிப்பக்கம், கழுத்தில் லேபிள் கிடையாது, சைஸை துணியிலேயே அச்சடித்துவிடுகிறோம், பட்டன் வேண்டாம், நாடாதான். ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையையும் தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்டின பிறகுதான் அந்த மெஷினுக்குப் புது ஊசி. துணியில் ஊசித் துண்டு கிடந்தால் காட்டிக் கொடுக்கிற நீடில் டிடெக்டர் வாங்கினோம். இது எல்லாம் திட்டம், தாளின் மேல் பாதியில் இருக்கிற இரண்டு வரியில் இருந்து இறங்கி வந்த திட்டம். மேல் பாதி இல்லாமல் நீடில் டிடெக்டரை மட்டும் யாராவது வாங்கச் சொல்லியிருந்தால் வீண் செலவு என்றுதான் நினைத்திருப்பேன்.

கஷ்டம் இல்லாமல் நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய பார்ட்டியின் மேனேஜர் என்னைப் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்து பார்த்தவர், அவரிடம் போய் இனி முடியாதுங்க என்று சொல்வதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கைவசம் இருந்த ஆர்டர்களை முடித்துக் கொடுத்தோம். ஓ.டி. நின்றதும் ஆறு பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. முதல் இரண்டு மாதம் விற்றுவரவு மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அம்மா என்னிடம் சரியாகப் பேசவே இல்லை.

அப்புறம் 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது. அமெரிக்க ஆர்டரை நம்பி இருந்த கம்பெனிகளுக்கு அந்த வாரம் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வேலையில் 41 சதவீதமாக இருந்த அந்த ஜாப் வொர்க் அப்போது 12-க்கு வந்திருந்தது. வரி வரும் என்று நாங்கள் கணித்து விலகினோம் என்று சொன்னால் அது பொய், பீஸுக்கு 8 பைசா போகிறதே என்றுதான் விலகினோம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 41-ஆம் பக்கத்தில் இருந்த ஐந்து வருட அட்டவணை ஒரே வாரத்தில் செத்துப்போனது. ஒற்றைத் தாளில் எழுதிய முடிவில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சேவைக்கு வருகிறேன். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அந்த இரண்டரையும் பார்ட்டி வாரி அட்டவணைக்குத்தான். வாங்க நினைக்கிறவர்கள் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: எங்கள் கணக்கு நோட்டில் யார் உட்காரப் போகிறார்கள், எத்தனை நாள்? கூட்டத்துக்கு வருகிற பெரியவரைவிட அந்த ஆள்தான் முக்கியம். முடிவில் எதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள், அதற்கு மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். வளர்ச்சி சதவீதத்தை நீங்களாகச் சொல்லாதீர்கள், சொன்னால் அதை நியாயப்படுத்துகிற அட்டவணைதான் திரும்பி வரும். உங்களிடம் பார்ட்டி வாரியாகச் செலவு பிரித்துப் பார்க்கத் தெரிந்த கணக்கர் ஏற்கெனவே இருந்தால் இந்தச் சேவையே தேவைப்படாது, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எங்களுக்கு அப்படி ஆள் இல்லை, வெளியாள் வந்து சொன்னதால்தான் காதில் ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன மாதம் வருடாந்திரப் புதுப்பிப்புக்குக் கேட்டார்கள், 60,000 ரூபாய், புது ஃபைல் தருகிறோம் என்றார்கள். ஃபைல் வேண்டாம் என்றேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பெண் வந்து பார்ட்டி வாரி கணக்கு மட்டும் எடுத்துத் தரட்டும் என்று கேட்டேன், ஒரு முறைக்கு 15,000 என்று ஒத்துக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய் வருகிறாள். ஆல்டர் நோட்டும் ஓ.டி. சீட்டும் எடுத்து வைத்தாகிவிட்டது, ஸ்டூலையும் செக்கிங் டேபிள் பக்கத்தில் போடச் சொல்லிவிட்டேன்.